‘லைசென்ஸ் இருக்கு’ என்றால் எந்த லைசென்ஸ்? கட்டட ஒப்பந்தப் பதிவு குறித்த வாசகர் கேள்விகள்

வீடு கட்டுவோரிடமிருந்தும் கட்டட ஒப்பந்தத் தொழிலில் இருப்போரிடமிருந்தும் உரிமம், பதிவு பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டியவை.

கேள்வி: 1,400 சதுர அடியில் தரைத்தளமும் முதல் மாடியுமாக வீடு கட்டப்போகிறோம். பேசி வைத்திருக்கும் கான்ட்ராக்டர் ‘கவர்மென்ட் லைசென்ஸ் இருக்கு’ என்று ஒரு சான்றிதழைக் காட்டுகிறார். அது உண்மையா என்று எங்கே சரிபார்ப்பது? (வாசகர், கோவை)

பதில்: முதலில் ஒரு விஷயம். தனியார் வீடு கட்டித் தருபவருக்கென்று தமிழ்நாட்டில் பொதுவான ‘கான்ட்ராக்டர் லைசென்ஸ்’ எதுவும் இல்லை. ஆகவே அவர் காட்டிய தாள் உண்மையா என்று பார்ப்பதற்கு முன் அது எதற்கான தாள் என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, பொதுப்பணித்துறையிலோ மாநகராட்சியிலோ ஒப்பந்ததாரராகப் பதிவு செய்த ஆணை. அரசு வேலைக்கு டெண்டர் போட மட்டும் அது உதவும். உங்கள் வீட்டுக்கு அது தேவையில்லை. ஆனாலும் அரசு வேலை செய்து முடித்த அனுபவம் அவருக்கு இருக்கலாம் என்பதற்கு ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு, உத்யம் சான்றிதழ். சிறு தொழில் நிறுவனம் என்று ஆன்லைனில் இலவசமாகப் பதிந்துகொள்வதுதான் அது. ஆதார், பான் இரண்டும் இருந்தால் வீட்டிலிருந்தே எடுத்துவிடலாம். கட்டத் தெரியுமா என்று யாரும் சோதித்துக் கொடுப்பதில்லை. இந்திய அரசு முத்திரையோடு இருப்பதால் பலர் இதைத்தான் ‘கவர்மென்ட் லைசென்ஸ்’ என்று காட்டுகிறார்கள்.

மூன்று, பதிவு பெற்ற பொறியாளர் சான்று. உங்களுக்கு முக்கியமானது இதுதான். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், வரைபடத்தில் கையெழுத்துப் போடுபவர், கம்பி கணக்குப் போடுபவர், தளத்தில் நின்று மேற்பார்வை செய்பவர் என்று தனித்தனியாகத் தொழில்முறையாளர்களைப் பதிவு செய்யச் சொல்கின்றன. பதிவு பெற்ற கட்டடக் கலைஞர், பதிவு பெற்ற பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர் என்பவை அந்த வகைகள். ஊரில் இவர்களை இன்னும் ‘எல்.பி.எஸ்.’ (லைசென்ஸ்டு பில்டிங் சர்வேயர்), ‘லைசென்ஸ்டு சர்வேயர்’ என்றே சொல்கிறார்கள். பதிவுச் சான்றில் வகை, தரநிலை, பதிவு எண், காலாவதி தேதி ஆகிய நான்கும் இருக்க வேண்டும். எந்த உள்ளாட்சி அமைப்பு அல்லது நகர ஊரமைப்பு அலுவலகம் வழங்கியதோ அங்கேயே பதிவு எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். கட்டடக் கலைஞர் என்றால் கட்டடக்கலைக் கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைத் தேடலாம்.

தவறு நடப்பது இதற்குப் பிறகுதான். வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட பொறியாளர் ஒருவர், கட்டுபவர் இன்னொருவர். கையெழுத்துப் போட்டவர் அப்ரூவல் வாங்கிக் கொடுத்து ஃபீஸ் வாங்கியதோடு சரி, தளத்தின் பக்கமே வருவதில்லை. சான்றிதழ் அசலாகவே இருந்தாலும் உங்கள் வீட்டுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எனவே மேற்பார்வைக்குப் பொறுப்பேற்கும் கட்டுமானப் பொறியாளர் யார் என்று கேட்டு, அவருடைய சம்மதக் கடிதத்தை உங்கள் பெயருக்கே வாங்குங்கள். ஒப்பந்தத்தில் குறைந்தது நான்கு கட்டங்களில் அவர் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று எழுதுங்கள்: அஸ்திவாரக் குழியில் கம்பி வைத்த பின், பிளிந்த் பீம் (தரைமட்டத்தில் வரும் கான்கிரீட் உத்தரம்) கம்பி கட்டிய பின், ஒவ்வொரு தளத்திலும் ரூஃப் கான்கிரீட் போடுவதற்கு முன், சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகை, முட்டு) பிரிப்பதற்கு முன். கான்கிரீட் போட்டு மூடிவிட்டால் கம்பி எத்தனை எம்.எம்., எத்தனை அங்குல இடைவெளி என்பதை யாராலும் எளிதாகச் சரிபார்க்க முடியாது. அந்தந்தக் கட்டத்துக்கான தவணையை அந்தக் கையெழுத்தோடு இணைத்துவிடுங்கள். கையெழுத்து இல்லாமல் தவணை இல்லை.

உங்கள் வீட்டு அளவுக்கு இன்னொன்றையும் பாருங்கள். மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், உயரம் 7 மீட்டருக்குள், தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் என்றால் 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றிதழ் முறையில் ஆன்லைனிலேயே உடனடியாக அனுமதி கிடைக்கும். உடனே கிடைக்கிறது என்பதால் சரிபார்ப்பு தேவையில்லை என்று அர்த்தமில்லை. ‘விதிப்படிதான் கட்டுவேன்’ என்று உறுதி கொடுப்பவர் நீங்கள். பக்கவாட்டில் விட வேண்டிய காலியிடத்தைக் கான்ட்ராக்டர் அரை அடி தின்றுவிட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்களே. குழி தோண்டும் அன்றே அனுமதிக்கப்பட்ட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு பக்கமும் டேப் பிடித்து அளந்துவிடுங்கள்.

கேள்வி: கொத்தனாராக இருந்து இப்போது மேஸ்திரியாக ஆள் வைத்து லேபர் கான்ட்ராக்ட் எடுக்கிறேன். இனி மெட்டீரியலோடு எடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஜி.எஸ்.டி. கட்டாயமா? எப்போதிலிருந்து? (வாசகர், திருச்சி)

பதில்: நீங்கள் இப்போது செய்யும் வேலையை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். சிமென்ட், மணல், கம்பி எல்லாம் வீட்டுக்காரர் வாங்கித் தர, நீங்கள் கூலி மட்டும் வாங்கி ஒரு தனி வீடு புதிதாகக் கட்டித் தந்தால் அந்தச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. தனி வீடு என்பது இங்கே முக்கியம். அடுக்குமாடி வளாகத்தின் ஒரு பகுதிக்கோ கடைக் கட்டடத்துக்கோ கூலி வேலை செய்தால் இந்த விலக்கு கிடையாது. வரி 18%.

விலக்கு பெற்ற வேலையை மட்டுமே செய்யும் வரை, ஆண்டுக்கு எவ்வளவு கூலி வாங்கினாலும் பதிவு தேவையில்லை. வரி உள்ள வேலை ஒன்றை இடையில் எடுத்துவிட்டால் கணக்கு மாறிவிடும். பதிவுக்கான வரம்பு சேவைகளுக்கு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய். அந்த 20 லட்சத்தைக் கணக்கிடும்போது விலக்கு பெற்ற வேலையின் தொகையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். உதாரணமாக, தனி வீடுகளுக்குக் கூலி வேலை 17 லட்சம், ஒரு கடைக்கு வேலை 4 லட்சம் என்றால் மொத்தம் 21 லட்சம். வரி உள்ள வேலை 4 லட்சம்தான் என்றாலும் பதிவு செய்தாக வேண்டும். கடைக்கு ஒரே ஒரு வேலைதானே என்று எடுத்துவிட்டுப் பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

மெட்டீரியலோடு எடுக்கத் தொடங்கினால் அது பணி ஒப்பந்தம். பொருள், கூலி என்று பில்லை இரண்டாகப் பிரித்துப் போட்டு வரியைக் குறைக்க முடியாது. மொத்தத் தொகைக்கும் 18%. 30 லட்சம் ரூபாய் ஒப்பந்தத்துக்கு 5,40,000 ரூபாய் வரி. சிமென்ட், கம்பிக்கு நீங்கள் கட்டிய வரியை அதில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு உங்கள் ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் வேண்டும், கடைக்காரர் அதைத் தன் கணக்கில் ஏற்றியிருக்கவும் வேண்டும். கையால் எழுதிய துண்டுச் சீட்டில் மணலும் செங்கல்லும் வாங்கினால் கழிக்க ஒன்றும் இருக்காது.

ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் என்றால் 6% கட்டும் எளிய திட்டம் ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்தால் வாங்கிய பொருளின் வரியைக் கழிக்க முடியாது, வீட்டுக்காரரிடம் வரி என்று தனியாக வசூலிக்கவும் கூடாது. அந்த 6% உங்கள் கையிலிருந்துதான் போகும். எனவே சதுர அடி ரேட் பேசும்போதே அதைச் சேர்த்துப் பேசுங்கள். ரேட் பேசி முடித்த பிறகு ‘ஜி.எஸ்.டி. தனி’ என்று சொல்வதுதான் இந்தத் தொழிலில் அதிகச் சண்டைக்குக் காரணம். ஒப்பந்தத் தாளில் ‘வரி உட்பட’ அல்லது ‘வரி நீங்கலாக’ என்று ஏதாவது ஒன்றை எழுதிவிடுங்கள்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு குறிப்பு. ஜி.எஸ்.டி. எண்ணில் 15 இலக்கங்கள். முதல் இரண்டும் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அவருடைய பான் எண். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பெயரும், பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதும் தெரியும். ரத்தான எண்ணைப் போட்டு வரி வசூலிப்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பொதுப்பணித்துறையில் ஒப்பந்ததாரராகப் பதிய விண்ணப்பித்தேன். சொத்து மதிப்புச் சான்றில் குறை, அனுபவச் சான்றில் குறை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எப்படிச் சரிசெய்வது? (வாசகர், விழுப்புரம்)

பதில்: திரும்பி வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலும் சிக்குவது இந்த இரண்டு தாள்கள்தான்.

சொத்து மதிப்புச் சான்று தாசில்தார் தருவது. இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் அறிக்கைகளுக்குப் பின் கிடைக்கும். கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீடு என்றால் சொத்து வரி ரசீது ஆகியவை தேவை. இதில் குறை வரும் வழிகள் தெரிந்தவைதான். பத்திரம் உங்கள் பெயரில் இருக்கும், பட்டா இறந்துபோன அப்பா பெயரிலேயே இருக்கும். அப்படியென்றால் பட்டா மாறுதலை முடித்துவிட்டுப் பிறகுதான் விண்ணப்பிக்க வேண்டும். சொத்து கூட்டாக இருந்தால் உங்கள் பங்கு மட்டும் கணக்கில் வரும், அல்லது மற்றவர்களின் சம்மதம் கேட்பார்கள். வங்கியில் அடமானம் வைத்திருந்தால் வில்லங்கச் சான்றிலேயே அது தெரிந்துவிடும். கடன் அடைந்திருந்தும் வில்லங்கத்தில் நிற்கிறது என்றால், சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமான ரத்து ரசீதைப் பதிவு செய்யாமல் விட்டிருப்பீர்கள். இன்னொன்று, நீங்கள் கேட்கும் வகுப்புக்கு எவ்வளவு மதிப்பு வேண்டும் என்பதை முன்கூட்டியே பதிவு அலுவலகத்தில் கேட்டு அந்தத் தொகைக்குச் சான்று வாங்குங்கள். பதிவு வகுப்பு வாரியாக இருக்கிறது. எந்த வகுப்பை எந்த நிலை அதிகாரி பதிவு செய்வார் என்பதும் அதைப் பொறுத்தே மாறும். முதல் முறை பதிவு செய்பவர்கள் கீழ்வகுப்பில் தொடங்கி, வேலை முடித்த சான்றோடு மேல்வகுப்புக்குப் போவதே எளிது.

அனுபவச் சான்றில் ‘இவர் நன்றாக வேலை செய்தார்’ என்ற வாசகத்தால் பலனில்லை. பணியின் பெயர், ஒப்பந்த எண், ஒப்பந்தத் தொகை, தொடங்கிய தேதி, முடிக்க வேண்டிய தேதி, முடித்த தேதி, உண்மையில் முடித்த மதிப்பு ஆகியவை இருக்க வேண்டும். கையெழுத்திட்டவரின் பதவியும் அலுவலக முத்திரையும் வேண்டும். தனியார் வேலை என்றால் வீட்டுக்காரரின் கடிதம் மட்டும் போதாது. வங்கி வழியாகப் பணம் வந்ததற்கான கணக்கு, வரிப் பிடித்தச் சான்று, ஜி.எஸ்.டி. கணக்கு ஆகியவற்றோடு ஒத்துப்போனால்தான் எடுத்துக்கொள்வார்கள். ரொக்கத்தில் வேலை செய்து பழகியவர்களுக்கு இங்கேதான் கதவு அடைபடுகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பணத்தை வங்கி வழியாக வாங்கத் தொடங்க வேண்டும்.

பான், ஆதார், ஜி.எஸ்.டி., வங்கிக் கணக்கு, பத்திரம் எல்லாவற்றிலும் பெயரும் இன்ஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றில் ‘எம். முருகேசன்’, இன்னொன்றில் ‘முருகேசன் எம்.’ என்பது சின்ன விஷயமாகத் தெரியும். டெண்டர் தளத்தில் டிஜிட்டல் கையொப்பம் இணைக்கும்போது பெரிதாகிவிடும்.

பொதுப்பணித்துறைப் பதிவு மாநகராட்சி, நகராட்சி டெண்டர்களுக்குத் தானாகவே செல்லும் என்று நினைக்க வேண்டாம். டெண்டர் அறிவிப்பிலேயே எந்தப் பதிவு ஏற்கப்படும் என்று இருக்கும். உள்ளாட்சி அமைப்பில் தனிப்பதிவு கேட்டால் தொழில்வரி ரசீதும் கேட்பார்கள். அரையாண்டுக்கு அதிகபட்சம் 1,250 ரூபாய்தான், ஆனால் நிலுவை இருந்தால் விண்ணப்பம் நின்றுவிடும்.

பதிவு கிடைத்த பின் முதல் டெண்டரில் நடக்கும் தவறுகளையும் சொல்லிவிடுகிறோம். விலைப் பட்டியல் கோப்பைப் பதிவிறக்கி, பெயரை மாற்றியோ வேறு வடிவத்தில் சேமித்தோ ஏற்றினால் தளம் அதை ஏற்காது. அதே கோப்பில், அதே பெயரில், நிரப்ப வேண்டிய கட்டங்களை மட்டும் நிரப்புங்கள். டெண்டரோடு கட்டும் வைப்புத்தொகையை அறிவிப்பில் சொன்ன பதவிப் பெயருக்கே எடுக்க வேண்டும். ‘செயற்பொறியாளர்’ என்று இருக்கும் இடத்தில் ‘கண்காணிப்புப் பொறியாளர்’ என்று எடுத்தால் தள்ளுபடி. உத்யம் சான்று இருப்பதால் வைப்புத்தொகை வேண்டாம் என்று நம்பிப் போகாதீர்கள். மத்திய அரசின் அந்தச் சலுகை பொருள், சேவைக் கொள்முதலுக்கானது. கட்டுமானப் பணி ஒப்பந்தங்களுக்கு இல்லை.

கேள்வி: நானும் நண்பரும் கூட்டாக ஒப்பந்த வேலை எடுக்கிறோம். கூட்டு ஒப்பந்தப் பத்திரம் எழுதிவிட்டோம். பதிவு செய்வது அவசியமா? (வாசகர், ஈரோடு)

பதில்: பதியாவிட்டாலும் கூட்டாண்மை செல்லும். ஆனால் வீட்டுக்காரர் கடைசித் தவணையைத் தராமல் இழுத்தடித்தால், பதியாத கூட்டு நிறுவனம் அந்த ஒப்பந்தத்தின் பேரில் வழக்குத் தொடர முடியாது. 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். பங்குதாரர் மாறினாலும் முகவரி மாறினாலும் அதையும் பதிய வேண்டும்.

கேள்வி: என்னிடம் கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர் என்று 15 பேர் வேலை செய்கிறார்கள். எல்லாரிடமும் நலவாரிய அட்டை இருக்கிறது. வேறு பதிவு தேவையா? (வாசகர், சேலம்)

பதில்: தேவை. நலவாரிய அட்டை தொழிலாளியின் உரிமை. 18 வயதிலிருந்து 60 வயது வரை உள்ள கட்டுமானத் தொழிலாளி பதிந்துகொள்ளலாம். விபத்து நடந்தால் வாரியம் உதவித்தொகை தரும். அதனால் முதலாளி என்ற முறையில் நீங்கள் தர வேண்டிய இழப்பீடு நீங்கிவிடாது. இரண்டும் வேறு வேறு. சாரத்திலிருந்து ஒருவர் விழுந்த பிறகுதான் பல ஒப்பந்ததாரர்களுக்கு இது தெரியவருகிறது.

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்களின் இடத்தில் நான்கு புதிய சட்டத் தொகுப்புகள் வந்துள்ளன. உங்கள் 15 பேருக்கு அதை வைத்துப் பார்ப்போம். 10 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் நிறுவனத்தைப் பதிய வேண்டும், உங்களுக்குப் பொருந்தும். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கும் 10 பேர்தான் வரம்பு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு நீங்கள் 3.25%, தொழிலாளி 0.75%. வருங்கால வைப்புநிதிக்கு 20 பேர். நீங்கள் இன்னும் தொடவில்லை. ஒப்பந்தத் தொழிலாளர் உரிமத்துக்கு முன்பு 20 பேர் என்று இருந்தது இப்போது 50. அதுவும் இப்போது தேவையில்லை.

எண்ணும்போது ஒரு தளத்தை மட்டும் எண்ணாதீர்கள். இரண்டு இடங்களில் எட்டு எட்டுப் பேர் என்றால் 16. தினக்கூலியும் கணக்கில் உண்டு.

காப்பீட்டு நிறுவனத்தில் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி எடுக்கும்போது பிரீமியத்தைக் குறைக்க ஐந்து பேர் என்று காட்டுவது வழக்கமாக இருக்கிறது. இழப்பீடு கேட்கும்போது வருகைப் பதிவேட்டையும் கூலிப் பட்டியலையும் கேட்பார்கள். அதில் 15 பேர் இருந்தால் சிக்கல் உங்களுக்கு, பாதிப்பு அந்தக் குடும்பத்துக்கு. சென்ட்ரிங், டைல்ஸ் வேலைகளை உள்ஒப்பந்தம் விட்டிருந்தால் அந்த ஆட்களையும் சேர்க்கும் பிரிவை பாலிசியில் தனியாகக் கேட்டு வாங்குங்கள். சொல்லாவிட்டால் சேர்க்க மாட்டார்கள்.

கட்டுமானத் தொழிலாளர் நலநிதி பற்றி ஒரு வார்த்தை. கட்டுமானச் செலவில் 1% என்ற அந்தத் தொகையை உள்ளாட்சி அமைப்பு கட்டட அனுமதியின்போதே வசூலித்துவிடும். அரசு வேலைகளில் பில்லில் பிடிப்பார்கள். அனுமதிக் கட்டணத்தோடு வீட்டுக்காரர் அதைக் கட்டியிருக்கும்போது ஒப்பந்ததாரர் பில்லில் மீண்டும் அதைச் சேர்ப்பது சரியல்ல.

கேள்வி: வீடு முடிந்துவிட்டது. நிரந்தர மின்இணைப்புக்கு லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். வேலை செய்தவரிடம் லைசென்ஸ் இல்லை. யாரிடமாவது கையெழுத்து வாங்கினால் போதுமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கையெழுத்து கிடைக்கும், ஆனால் அப்படி வாங்காதீர்கள். வீட்டு வேலைகளில் சட்டப்படி உரிமம் கட்டாயமான இடம் மின்சாரம். மின் உரிமம் வழங்கும் வாரியம் ஒப்பந்ததாரருக்கு உரிமமும், மேற்பார்வையாளருக்கும் கம்பியாளருக்கும் தகுதிச் சான்றும் தருகிறது. உரிமம் உள்ளவரை வரவழைத்து முழுச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள், அதற்குக் கட்டணமும் கொடுங்கள். ஒயரின் காப்புத் தடையை அளக்கும் மெக்கர் கருவியில் 500 வோல்ட் கொடுத்து ஒரு நிமிடம் வைத்துப் பார்த்தால் ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். குறைந்தால் எங்கோ பூச்சுக்குள் ஈரமோ, ஆணி பட்ட ஒயரோ, மூடாத இணைப்போ இருக்கிறது. எர்த் குழியைத் தனியாக அளக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பாத்ரூம் ஹீட்டர் பிளக்கில் எர்த் வருகிறதா என்று அவரை உங்கள் எதிரிலேயே பார்க்கச் சொல்லுங்கள். அளவீடுகளை எண்ணாக எழுதிய அறிக்கை வேண்டும். ‘சரி’ என்று டிக் அடித்த தாள் போதாது.

கேள்வி: எங்கள் பழைய வீட்டு மனையில் பில்டர் ஆறு ஃபிளாட் கட்டி, மூன்று எங்களுக்கு, மூன்று அவருக்கு என்கிறார். ரெரா பதிவு வேண்டாம் என்கிறார். சரியா? மனை ஒன்றே கால் கிரவுண்டு. (வாசகர், தாம்பரம்)

பதில்: உங்கள் அளவுக்கு அவர் சொல்வது சரி. ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவுக்கான வரம்பு 500 சதுர மீட்டர் நிலம், எட்டு வீடுகள். 500 சதுர மீட்டர் என்பது சுமார் 5,382 சதுர அடி. உங்கள் மனை 3,000 சதுர அடிதான், வீடுகளும் ஆறுதான். பக்கத்து மனையையும் சேர்த்து இரண்டாம் கட்டமாகக் கட்டும் திட்டம் அவரிடம் இருந்தால் எல்லாக் கட்டங்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அப்போது இரண்டில் எந்த வரம்பைத் தாண்டினாலும் விளம்பரம் செய்யும் முன், முன்பணம் வாங்கும் முன் ஆணையத்தில் கேட்டு எழுத்தில் தெளிவுபடுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பதியாமல் விற்றால் திட்ட மதிப்பில் 10% வரை அபராதம் வரலாம். நில உரிமையாளராக நீங்களும் விற்கும் தரப்பாகக் கருதப்படலாம் என்பதால் இதில் உங்களுக்கும் பொறுப்பு உண்டு.

ரெராவில் பதிந்த திட்டங்களில் கட்டமைப்புக் குறைகளுக்கு ஐந்து ஆண்டு வரை பில்டர் பொறுப்பு, புகார் தந்து 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். பதிவு இல்லாத சிறு திட்டத்தில் அதே வாசகத்தை உங்கள் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதிச் சேர்த்துவிடுங்கள். பில்டருக்குத் தரும் பொது அதிகாரப் பத்திரத்தில் அவர் பங்கான மூன்று வீடுகளை மட்டும், வீட்டு எண், பிரிபடாத நிலப் பங்கு சதுர அடி ஆகியவற்றோடு குறிப்பிடுங்கள். மனை முழுவதையும் விற்கும் அதிகாரம் என்று பொதுவாக எழுதித் தராதீர்கள்.

கேள்வி: பாதி வேலையில் எங்கள் கட்டுமானப் பொறியாளர் விலகிவிட்டார். கான்ட்ராக்டர் ‘நான் பார்த்துக்கிறேன்’ என்கிறார். வேலையைத் தொடரலாமா? (வாசகர், மதுரை)

பதில்: கூடாது. விலகலை அனுமதி தந்த அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, வேறொரு பதிவு பெற்ற பொறியாளரை நியமித்த பிறகே தொடர வேண்டும். புதியவர் வரும்போது அதுவரை நடந்த வேலையைப் பார்த்து, எந்த மட்டத்திலிருந்து தன் பொறுப்பு தொடங்குகிறது என்று தேதியோடு எழுதித் தரட்டும். பழையவரிடமிருந்து அவர் பார்வையிட்ட கட்டங்களின் குறிப்புகளையும், கான்கிரீட் கட்டிகளை (கியூப்) வைத்து வலிமைச் சோதனை செய்திருந்தால் அந்த அறிக்கைகளையும், மீதி ஃபீஸைத் தரும் முன்பே வாங்கிவிடுங்கள்.